புதுச் சிறுநீரகத்துக்கு வலிக்காது

அம்மாவின் சிறுநீரகத்தை அண்ணனுக்கு வைத்த ஐந்தாம் நாள். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் யூரின் டியூப்பை எடுத்துவிட்டார்கள். அண்ணன் மூன்று வருடம் டயாலிசிஸில் இருந்தவர். கடைசி ஒன்றரை வருடமாக ஒன்றுக்கே போனதில்லை. அவர் எழுந்து நடந்துபோய்ப் பிளாஸ்டிக் குடுவையில் இருநூறு மில்லி பிடித்துவந்து காட்டினார். அடுத்த வார்டில் படுத்திருந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மதியத்துக்கு மேல் அந்த அளவு குறையத் தொடங்கியது. வயிற்றின் பக்கவாட்டில் ஒரு வடிகுழாய் போட்டிருந்தார்கள். ட்ரெயின் என்பார்கள். அதன் பையில் இரண்டு நாளாக ஐம்பது மில்லிக்கு மேல் சேரவில்லை. அன்று மாலைக்குள் நானூறைத் தாண்டிவிட்டது. சிவப்பாக இருந்தது வெளிர் மஞ்சளாக மாறியிருந்தது.

"சிஸ்டர், இது ரத்தத் தண்ணி மாதிரி தெரியலையே" என்றேன். அவர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சின்ன டப்பா ஒன்றில் கொஞ்சம் பிடித்தார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருப்பதை ஃபிஸ்டுலா என்பார்கள். அது இல்லாத கையிலிருந்து ரத்தமும் எடுத்தார். இரண்டையும் லேபுக்கு அனுப்பினார். இரவு எட்டு மணிக்கு முடிவு வந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 2.1. ட்ரெயின் தண்ணீரில் 34.

"யூரின் லீக்" என்றார் யூராலஜி டாக்டர்.

கிட்னியை உடம்பு ஏற்கவில்லையா என்பது மட்டும்தான் எனக்குக் கேட்கத் தெரிந்தது. டயாலிசிஸ் அறையில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் அந்த ஒரு பயம்தான். ரிஜெக்‌ஷன் என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். "அதெல்லாம் இல்ல தம்பி. கிட்னி நல்லா வேலை செய்யுது. அது பிரிச்சு அனுப்புற யூரின் போக வேண்டிய இடத்துக்குப் போகல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு என்பது பிறகு எட்டு மாதங்களில் தெரிந்தது. அறுவைக்கு முன்பே யாராவது இதை நிதானமாகச் சொல்லியிருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். இப்போது அந்த நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே வைக்கிறார்கள்?

பழைய சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் பொருத்துவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் பழையவை இரண்டையும் தொடுவதே இல்லை. அவை முதுகுப் பக்கம் இருந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கும். புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்பின் உட்குழிவில் வைக்கிறார்கள். பெரும்பாலும் வலப்பக்கம். கையை வைத்து அழுத்தினால் தட்டுப்படும்.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் அங்கேதான் ஓடுகின்றன. சிறுநீர்ப்பையும் பக்கத்தில் இருக்கிறது. அறுவையில் மூன்று இணைப்புகள் போடுகிறார்கள். தமனி ஒன்று, சிரை ஒன்று. மூன்றாவது, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய், அதாவது யூரிட்டர். முதல் இரண்டிலும் ரத்தம் ஓடினால்தான் சிறுநீரகம் உயிரோடு இருக்கும். அவை அடைத்தால் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவது இணைப்பில் வரும் கோளாறு அப்படி உடனே தெரிவதில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்றாவது இணைப்பைப் பற்றியதுதான்.

சிறுநீரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பது இந்தச் சிகிச்சையின் தொடக்க காலத்திலேயே பெரிய கேள்வி. 1933இல் உக்ரைனில் யூரி வோரோனாய் என்ற அறுவை மருத்துவர், இறந்த ஒருவரின் சிறுநீரகத்தை ஒரு பெண்ணின் தொடையில் வைத்தார். மனிதரிடமிருந்து மனிதருக்கு நடந்த முதல் முயற்சி அது. குழாயின் முனையைத் தோலுக்கு வெளியே விட்டுவிட்டார். அந்தப் பெண் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர்கள், அவர்களில் முக்கியமாக ரெனே கூஸ், இன்று செய்வதுபோல் இடுப்புக் குழிவில் வைக்கும் முறையை வகுத்தார்கள். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரியின் குழு, உருவொத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்தது. நீண்ட நாள் நிலைத்த முதல் மாற்றுச் சிறுநீரகம் அது. குழாயையும் அவர்கள் சிறுநீர்ப்பையிலேயே இணைத்தார்கள். பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். நம் ஊரில் வேலூர் சிஎம்சியில் 1971இல் இந்தச் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது.

கடைமடைக்கு வராத தண்ணீர்

சிறுநீர்க்குழாய்க்கும் ரத்தம் வேண்டும். அது உயிருள்ள தசை. மேலிருந்து கீழ்வரை அலைபோல் சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நம் உடம்பில் இயற்கையாக உள்ள குழாய்க்கு மேலே சிறுநீரகத் தமனியிலிருந்தும், நடுவில் வேறு தமனிகளிலிருந்தும், கீழே சிறுநீர்ப்பைப் பக்கத்திலிருந்தும் ரத்தம் வருகிறது. வழிநெடுகப் பல மதகுகள் உள்ள வாய்க்கால் மாதிரி.

கொடையாளரிடமிருந்து சிறுநீரகத்தைப் பிரிக்கும்போது கீழ் மதகுகள் எல்லாம் அறுபடுகின்றன. மிஞ்சுவது தலைமதகு ஒன்றுதான். சிறுநீரகத் தமனியிலிருந்து பிரிந்து குழாயின் மேல் ஒட்டி இறங்கும் மெல்லிய கிளை அது. அந்த ஒரு கிளையின் ரத்தத்தில்தான் குழாய் முழுவதும் பிழைக்க வேண்டும். காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை. குழாயின் கடைமடை, சிறுநீர்ப்பையில் தைக்கிற அந்த நுனி.

அதனால்தான் சிறுநீரகத்தை எடுக்கும்போது அதன் கீழ்முனைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள கொழுப்பை அறுவை மருத்துவர்கள் சுரண்டிச் சுத்தம் செய்வதில்லை. பார்க்கத் தேவையற்ற கொழுப்பு மாதிரி இருக்கும். அந்த மெல்லிய ரத்தக்குழாய் அதற்குள்தான் ஓடுகிறது. அந்த முக்கோண இடத்தை அவர்கள் தங்க முக்கோணம் என்று சொல்கிறார்கள். சிலருக்குச் சிறுநீரகத்தின் கீழ்முனைக்குத் தனியாக ஒரு சின்னத் தமனி போகும். குழாய்க்கான ரத்தம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வரும் என்பதால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். குழாயைத் தேவைக்கு மேல் நீளமாக விடாமல் வெட்டிவிடுவதும் இதற்காகத்தான். குட்டை வாய்க்காலில் கடைமடை தூரமில்லை.

சிறுநீர்க் கசிவு, குழாய்ச் சுருக்கம் என்று இரண்டு பெரிய பிரச்சினைகள் உண்டு. இரண்டுக்கும் பெரும்பாலும் இதுதான் வேர். நுனிக்கு ரத்தம் போகாமல் திசு சீக்கிரமே அழுகினால் கசிவு. மெதுவாக வாடித் தழும்பானால் சுருக்கம். இன்று பெரும்பாலான மையங்களில் இந்தக் குழாய்ப் பிரச்சினைகள் நூறு பேரில் பத்துப் பேருக்கும் குறைவானவர்களுக்கே வருகின்றன.

கசிவு

கசிவு பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் வந்துவிடும். சிறுநீர் வெளியே போகும் அளவு குறையும். ட்ரெயினில் கூடும். ட்ரெயின் எடுத்தபிறகு என்றால் தையல் வழியாகக் கசியலாம், அல்லது அந்தப் பக்கம் வயிறு வீங்கி இறுக்கமாகும். கொட்டிய சிறுநீரை உடம்பு மறுபடி உறிஞ்சிக்கொள்ளும், அதனால் கிரியாட்டினினும் ஏறும். சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று அது பயமுறுத்தும்.

அன்று சிஸ்டர் எடுத்த சோதனையின் சூட்சுமம் எளிமையானது. சிறுநீரகம் ரத்தத்திலிருந்து கிரியாட்டினினைப் பிரித்துச் செறிவாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. அதனால் சிறுநீரில் அது ரத்தத்தைவிடப் பல மடங்கு இருக்கும். ட்ரெயினில் வருவது நிணநீரோ ரத்தத் தெளிநீரோ என்றால் அளவு ரத்தத்தில் உள்ளதைப் போலவே இருக்கும். 2.1க்கு எதிரே 34 என்றால் அது சிறுநீர்தான். வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

ஓட்டை சின்னதாக இருந்தால் மறுபடி யூரின் டியூப் போட்டுக் காத்திருப்பது முதல் வழி. அண்ணனுக்கும் அதையே செய்தார்கள். அவர் மனம் உடைந்துவிட்டார். "எடுத்தத மறுபடி போடுறாங்கன்னா பின்னாடிதானே போறோம்" என்றார். டியூப் ஏன் என்று பிறகுதான் புரிந்தது. சிறுநீர்ப்பை நிறைந்தால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் சிறுநீரை ஓட்டை வழியாக வெளியே தள்ளும். பை எப்போதும் காலியாக இருந்தால் சிறுநீர் எளிதான வழியில் இறங்கிவிடும், ஓட்டை ஆறும். போதவில்லை என்றால் தோல் வழியாக ஊசிபோட்டுச் சிறுநீரகத்துக்குள்ளேயே ஒரு குழாயைச் செருகி, சிறுநீரை மேலேயே வெளியே எடுத்துவிடுவார்கள். வார்டில் இதைப் பிசிஎன் என்பார்கள். நுனி அழுகியே போயிருந்தால் மறுபடி திறந்து, நல்ல பகுதிவரை வெட்டி, புதிதாகத் தைக்க வேண்டும்.

அண்ணனுக்கு இரண்டு வாரத்தில் கசிவு நின்றது. ட்ரெயின் வற்றியது. நாங்கள் ஊருக்குக் கிளம்பினோம்.

ஸ்டென்ட்டை எடுக்கும் தேதி

இங்கே ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறுநீர்க்குழாயைப் பையில் தைக்கும்போது உள்ளே மெல்லிய வளையும் குழல் ஒன்றை வைத்துவிடுவது இன்று பல மையங்களில் வழக்கம். டிஜே ஸ்டென்ட் என்பார்கள். இரண்டு முனையும் கொக்கிபோல் சுருண்டிருக்கும். மேல் கொக்கி சிறுநீரகத்துக்குள், கீழ்க் கொக்கி சிறுநீர்ப்பைக்குள். தையல் ஆறும்வரை வழி அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். வைத்தவர்களுக்குக் கசிவும் சுருக்கமும் குறைகின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த செய்தி. உள்ளே அயல்பொருள் இருப்பதால் சிறுநீர்த் தொற்று சற்றுக் கூடும். தினமும் கொடுக்கும் சல்ஃபா மாத்திரை ஒரு வகை நிமோனியாவைத் தடுப்பதோடு இந்தத் தொற்றையும் குறைக்கிறது.

ஸ்டென்ட் இருக்கும்போது அடிக்கடி ஒன்றுக்கு வரும், கடுக்கும், சிறுநீர் லேசாகச் சிவக்கும். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது மறதிக்கு. பொதுவாக இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும். மரத்துப்போகும் ஜெல் போட்டு, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பிடித்து இழுப்பார்கள், சில நிமிட வேலை. எடுக்காமல் விட்டால் அதன்மேல் உப்பு படிந்து கல்லாகும். கல் வளர்ந்து ஸ்டென்ட்டே அடைப்பாகிவிடும். இழுத்தால் வராது. பிறகு அந்தக் கல்லை உடைக்கத் தனி அறுவை. எத்தனையோ குடும்பங்கள் டிஸ்சார்ஜ் ஆகும் சந்தோஷத்தில், மாத்திரைப் பட்டியலின் நீளத்தில், இந்த ஒரு வரியைத் தவறவிடுகின்றன. உள்ளே ஸ்டென்ட் இருக்கிறதா, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்குப் போகுமுன் கேட்டு, காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள். யாரும் நினைவுபடுத்துவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

சத்தமில்லாத சுருக்கம்

நான்காம் மாதம். அண்ணன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, பசி நன்றாக இருந்தது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.2இலிருந்து 1.5. அடுத்த வாரம் 1.9.

சிறுநீரகக் கல் வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். குழாய் அடைபட்டால் தரையில் புரளும் வலி. அண்ணனுக்கும் அடைப்புதான், ஆனால் ஒரு முள் குத்திய வலிகூட இல்லை. காரணம், சிறுநீரகத்தைப் பிரித்தெடுக்கும்போது அதன் நரம்புகளும் அறுபடுகின்றன. ரத்தக்குழாய்களைப்போல் அவற்றைத் தைத்து இணைப்பதில்லை. புதுச் சிறுநீரகம் அடைபட்டாலும் உள்ளே கல் விழுந்தாலும் மூளைக்குச் செய்தி போவதில்லை. கடும் தொற்று வந்து வீங்கும்போது மேலே உள்ள வயிற்றுச் சுவர் வலிக்கலாம். அடைப்பின் வலி மட்டும் வராது. வலிதான் எச்சரிக்கை என்று பழகிய நமக்கு இது பெரிய பொறி. அந்த வேலையை இனி லேப் ரிப்போர்ட்தான் செய்ய வேண்டும்.

கிரியாட்டினின் ஏறப் பல காரணங்கள் உண்டு. உடம்பின் எதிர்ப்பு, அதை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிப்போவது, வயிற்றுப்போக்கில் நீர் வற்றுவது, தொற்று. அடைப்பு அவற்றில் ஒன்று. அதனால் ஏறியவுடன் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். எளிது, ஊசியில்லை, அடைப்பு இருந்தால் சிறுநீரகத்தின் உட்குழி நீர் தேங்கி விரிந்திருப்பது தெரியும். ஒரு நுணுக்கம் உண்டு. சிறுநீர்ப்பை முட்ட நிறைந்திருந்தாலே மாற்றுச் சிறுநீரகம் கொஞ்சம் விரிந்து காட்டும். அதனால் ஒன்றுக்குப் போய்விட்டு வரச்சொல்லி மறுபடி பார்ப்பார்கள். அண்ணனுக்குப் பை காலியான பிறகும் விரிவு குறையவில்லை.

பிசிஎன் போட்டார்கள். மூன்று நாளில் கிரியாட்டினின் 1.3க்கு இறங்கியது. சிறுநீரகத்தில் பழுதில்லை, வழியில்தான் அடைப்பு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்தக் குழாய் வழியாகவே மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது படத்தில் தெரிந்தது. மேலே அகலமாக வந்த வெள்ளைக் கோடு, பையில் சேரும் இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நூலாக மெலிந்திருந்தது. கடைமடை. முன்பு கசிந்து ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கியிருந்தது.

சுருக்கம் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வருகிறது, சிலருக்குப் பல வருடம் கழித்தும் வரலாம். எல்லாம் ரத்த ஓட்டக் குறைவால் வருபவை அல்ல. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது தலைதூக்கும் பிகே வைரஸ் குழாயின் உட்பூச்சைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடுவதும் உண்டு.

சுருக்கம் குட்டையாக, புதிதாக இருந்தால் பலூன் வைத்து விரித்து ஸ்டென்ட் போட்டுப் பார்ப்பார்கள். அண்ணனுக்கும் செய்தார்கள். ஸ்டென்ட்டை எடுத்த ஒரு மாதத்தில் மறுபடி சுருங்கியது. தழும்புக்கு அந்தக் குணம் உண்டு.

நிணநீர், சுருங்கிய பை, ப்ராஸ்டேட்

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்பு ரத்தக்குழாய்களைச் சுற்றி மெல்லிய நிணநீர் நாளங்கள் உண்டு. அறுவையில் அறுந்தவை கசிந்து சிறுநீரகத்தைச் சுற்றித் தேங்கலாம். சிறியவை தானே வற்றிவிடும். பெரியவை சிறுநீர்க்குழாயை வெளியிலிருந்து நெருக்கும். சிரையை நெருக்கினால் அந்தப் பக்கக் கால் வீங்கும். புதுச் சிறுநீரகம் இருக்கும் பக்கம் மட்டும் கால் வீங்கினால் உடனே சொல்லுங்கள், காலில் ரத்தம் உறைந்திருந்தாலும் இப்படி வீங்கும். ஊசியால் வடிப்பார்கள். திரும்பத் திரும்பச் சேர்ந்தால் லேப்ராஸ்கோப்பியில் வயிற்றறைக்குள் ஒரு வழி திறந்துவிடுவார்கள். வயிற்றின் உள்சவ்வு அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

பல வருடம் சிறுநீரே பார்க்காத பை சுருங்கிக் கிடக்கும். முதல் வாரங்களில் அரைமணிக்கு ஒருமுறை ஓட வேண்டியிருக்கும், இரவில் தூக்கமே இருக்காது. சில மாதங்களில் பை மெல்ல விரிந்துகொடுக்கும். சீக்கிரம் பழக்க வேண்டும் என்று அடக்கிவைப்பது தவறு, ஆறாத தையலுக்கு அது கெடுதல்.

ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு இன்னொன்று. சிறுநீரே வராதவரை, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பது யாருக்கும் தெரியாது. மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு டியூப்பை எடுத்ததும் போக முடியாமல் நிற்பார்கள். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்குப் பையின் நரம்புகள் மந்தமாகி, நிறைந்ததே தெரியாமலிருக்கும். பிறவியிலேயே சிறுநீர் வழியில் அடைப்பிருந்து, அதனாலேயே சிறுநீரகம் கெட்ட ஆண் குழந்தைகளுக்கு, பை எந்த நிலையில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால் புதியதும் அதே வழியில் கெடும். இந்த மூன்று பேரும் அறுவைக்கு முன்பே யூராலஜிஸ்ட்டிடம் பையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பழைய குழாய்

அண்ணனுக்கு எட்டாம் மாதம் மறுபடி அறுவை. என்ன செய்யப் போகிறார்கள் என்று டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். அம்மா கொடுத்த சிறுநீரகத்தின் குழாயில் தழும்பான பகுதியை வெட்டிவிடுவது. வலப்பக்கம் சும்மா கிடக்கும் அண்ணனின் சொந்தச் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் பழைய குழாயை இழுத்துவந்து, அதனோடு இணைப்பது. பழைய சிறுநீரகம் செத்திருந்தாலும் அதன் குழாய் உயிரோடுதான் இருக்கிறது. அதன் மதகுகள் எதுவும் அறுபடவில்லை. சிறுநீர்ப்பையோடு பிறவியிலேயே சேர்ந்திருக்கிறது, புதிதாகத் தைக்கத் தேவையில்லை. மேல்முனையைக் கட்டிவிடுவார்கள். சிறுநீரே சுரக்காத பழைய சிறுநீரகத்துக்கு அதனால் பெரும்பாலும் தொந்தரவு வருவதில்லை.

அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப இவனோட பழசும் ஒண்ணுக்கு ஆகாமப் போகல" என்றார்.

இப்போது அலமாரியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. தேதி, எடை, எவ்வளவு குடித்தார், எவ்வளவு போனார், காய்ச்சல், கிரியாட்டினின். கிரியாட்டினினுக்கு மட்டும் தனிப் பத்தி. ஒரு நாளின் எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நாலு எண்ணை வரிசையாகப் பார்த்தால் ஏறுகிறதா என்று தெரியும். சிறுநீர் அளவு திடீரென்று பாதியாகக் குறைந்தால், சிவப்பாகக் கட்டி கட்டியாகப் போனால், காய்ச்சலோடு தையல் பக்கம் தொட்டால் வலித்தால், தையலிலிருந்து தண்ணீர் வந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன். இரவானாலும் சரி. போன் எண்ணை நோட்டின் அட்டையிலேயே ஒட்டியிருக்கிறோம். உள்பக்கம் ஸ்டென்ட் எடுத்த தேதிகள் இரண்டும் இருக்கின்றன, இரண்டிலும் அண்ணியின் கையெழுத்தில் ஒரு டிக்.